ஜாக்கி இவாங்கோ: பத்து வயதில் கேட்ட அந்தக் குரல் பிறகு என்ன ஆனது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ஜாக்கி இவாங்கோ?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் பக்கத்தில் வளர்ந்த பாடகி. 2000 ஏப்ரல் 9 அன்று பிறந்தவர். 2010ல் ‘அமெரிக்காஸ் காட் டேலண்ட்’ என்ற தொலைக்காட்சிப் போட்டியில் பாடி இரண்டாம் இடம் பெற்றார். அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் பலர். அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்று தெரிந்தவர்கள் சிலர். இந்தப் பக்கம் அந்த இரண்டாவது கதைக்காகத்தான்.

முதல் முயற்சியிலேயே போட்டிக்குள் வந்துவிட்டாரா?

இல்லை. அதே நிகழ்ச்சிக்கு அதற்கு முன் இரண்டு முறை போய்த் திரும்பியிருக்கிறார். உள்ளூர்ப் போட்டிகளிலும் முதலிடத்தை நெருங்கி நெருங்கி நழுவவிட்டவர்தான். பாட்டின் மேல் ஆசை வந்தது ‘தி ஃபேண்டம் ஆஃப் தி ஆப்பரா’ திரைப்படத்தைப் பார்த்த பிறகு. படம் பார்த்துவிட்டு வீட்டுக்குள்ளேயே பாடிக்கொண்டு திரிந்த பிள்ளையிடம் ஏதோ இருக்கிறது என்று பெற்றோர் கவனித்தார்கள்.

2010ல் நிகழ்ச்சி நடத்தியவர்கள் யூடியூப் வழியாகவும் வீடியோ அனுப்பலாம் என்று ஒரு பக்கவாசல் திறந்தார்கள். ஜாக்கி நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான். அதனால் ஒரு வசதியும் கிடைத்தது. தொடக்கச் சுற்றுகளில் யாரும் அவரைப் பார்த்திருக்கவில்லை. காலிறுதி மேடையில் நேராக வந்து நின்றபோது, பார்வையாளர்களுக்கு அவர் முற்றிலும் புதியவர்.

அன்று அப்படி என்ன பாடினார்? ஏன் அவ்வளவு பரபரப்பு?

2010 ஆகஸ்ட் 10. பாடியது ‘ஓ மியோ பாபினோ காரோ’. இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினி எழுதிய ஓரங்க ஆப்பராவில், அதாவது பாட்டாகவே நடக்கும் நாடகத்தில், வரும் தனிப்பாடல். 1918ல் நியூயார்க்கில் அரங்கேறியது. ஒரு மகள் தன் அப்பாவிடம் கெஞ்சும் பாட்டு. ‘நான் விரும்பியவனைக் கட்டிவைக்காவிட்டால் பாலத்திலிருந்து ஆர்னோ ஆற்றில் குதித்துவிடுவேன்’ என்பதுதான் அதன் சாரம். பத்து வயதுப் பிள்ளை பாட வேண்டிய சங்கதியா என்று யாரும் கேட்கவில்லை. இத்தாலிய மொழி புரிந்தவர் அரங்கில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! உருக்கமான மெட்டு, பெரியவர்களின் குரல், சின்ன உருவம், இது போதுமானதாக இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒரு பெண் பாடுகிறாள். திறந்தால் ஒரு குழந்தை நிற்கிறாள். இந்த முரண்தான் அவருடைய முதலீடு. நான் பல வருடங்கள் கழித்து அந்த வீடியோவை மறுபடி பார்த்தேன். பாட்டு முடிந்ததும் நடுவர்கள் முகத்தில் தெரிந்தது ரசனையா, நம்ப முடியாத திகைப்பா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தப் பிள்ளையின் பிற்கால வாழ்க்கை முழுவதும் அந்த வித்தியாசத்தில்தான் மாட்டிக்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

உதடு மட்டும் அசைத்தார், பாடியது வேறு யாரோ என்று சொன்னார்களே?

சொன்னார்கள். அதற்கு நிகழ்ச்சியிலேயே பதிலும் கிடைத்தது. முடிவு அறிவிக்கும் மேடையில், தொகுப்பாளர் நிக் கேனன் அந்த இடத்திலேயே குரல் பயிற்சி ஒன்றைப் பாடிக் காட்டச் சொன்னார். வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடிக் காட்டினார். சந்தேகம் அதோடு ஒழிந்தது.

அப்படியானால் ஏன் ஜெயிக்கவில்லை?

ஜெயித்தவர் மைக்கேல் கிரிம். கரகரத்த குரலில் சோல் வகைப் பாட்டுகள் (கறுப்பின அமெரிக்கர்களிடம் பிறந்த உணர்ச்சி பொங்கும் பாட்டுகள்) பாடுபவர். மக்கள் வாக்கில் அவர் முந்தினார், அவ்வளவுதான். இறுதிச் சுற்றில் ஜாக்கி ‘ஆவே மரியா’ பாடினார். முடிவு அறிவிப்பு நாளில் பிரபல பாடகி சாரா பிரைட்மேனோடு சேர்ந்து பாடினார்.

தோற்றதால் முதல் பரிசான 10 லட்சம் டாலர் போய்விட்டதே?

அந்தப் பத்து லட்சத்தைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். அது ஒரே மூட்டையாகக் கைக்கு வராது. 40 ஆண்டுகளுக்குப் பிரித்துத் தருவார்கள், ஆண்டுக்கு 25,000 டாலர் கணக்கில். மொத்தமாகவே வேண்டும் என்றால் அதன் இன்றைய மதிப்பை மட்டும் தருவார்கள். அது 10 லட்சத்தைவிட நன்றாகவே குறையும். நிகழ்ச்சியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஓடும் வரிகளில் இது இருக்கிறது.

ஜாக்கிக்குக் கிடைத்தது இசைத்தட்டு ஒப்பந்தம். அதைக் கொடுத்ததும் நிகழ்ச்சியைத் தயாரித்த சைமன் கோவெலின் சைகோ நிறுவனம்தான், கூட கொலம்பியா. போட்டியில் தோற்ற பிள்ளையை அதே வீட்டார் மறுகையால் அழைத்துக்கொண்டார்கள். தொலைக்காட்சிப் போட்டிகளில் முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் இருக்கும் தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

போட்டி முடிந்ததும் என்ன நடந்தது?

எல்லாம் மின்னல் வேகம். செப்டம்பரில் போட்டி முடிந்தது. நவம்பரிலேயே ‘ஓ ஹோலி நைட்’ வந்துவிட்டது. நான்கே பாட்டுகள் கொண்ட கிறிஸ்துமஸ் தொகுப்பு. அமெரிக்காவில் அதிகம் விற்கும் இசைத் தொகுப்புகளை வரிசைப்படுத்தும் பில்போர்டு 200 பட்டியலில் நேராக 2ம் இடம். டிசம்பருக்குள் பிளாட்டினம் தகுதி, அதாவது 10 லட்சம் பிரதிகள். தனிப் பாடகராக அந்தத் தகுதி பெற்றவர்களில் அமெரிக்காவில் அவரைவிட இளையவர் இல்லை. அதே டிசம்பரில் வாஷிங்டனில் தேசிய கிறிஸ்துமஸ் மரத்துக்கு விளக்கேற்றும் விழாவில், அதிபர் ஒபாமா குடும்பத்தின் முன் பாடினார்.

2011 ஜூனில் டேவிட் ஃபோஸ்டர் தயாரிப்பில் ‘ட்ரீம் வித் மி’. அதுவும் 2ம் இடம். அதில் பார்பரா ஸ்ட்ரைசாண்டோடும் சூசன் பாயிலோடும் இணைந்து பாடினார். டோனி பென்னட் தன் ஜோடிப் பாடல் தொகுப்பில் ஒரு பாட்டுக்கு இவரை அழைத்தார். பென்னட்டுக்கு அப்போது வயது 80ஐத் தாண்டியிருந்தது. பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ். இவருடைய முழுக் கச்சேரிகளை ஒளிபரப்பியது.

ஒரு பழைய விஷயம் இங்கே பொருந்தும். போட்டிக்கு முந்தைய ஆண்டு, 2009ல், சொந்தமாக ஒரு தொகுப்பு வெளியிட்டிருந்தார்கள். போட்டியில் முகம் தெரிந்ததும் அது திடீரென்று விற்க ஆரம்பித்தது. ஆனால் பெற்றோர் அதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள்: பாட்டு பதிவான பிறகு பிள்ளையின் குரல் வெகுவாக வளர்ந்துவிட்டது, அது இப்போதைய குரல் இல்லை என்று. ஒரு வருடத்துக் குரலே பழசாகிவிட்டது!

அவர் ஆப்பராப் பாடகியா?

இல்லை. இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். அவரைப் பற்றிய சண்டைகளில் பாதி இந்தக் குழப்பத்தில் வருபவை.

ஆப்பராப் பாடகர் என்பவர் மைக் இல்லாமல் பாடுபவர். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா அரங்கில் சுமார் 3,800 பேர் உட்காரலாம். முன்னால் முழு வாத்தியக் குழு முழங்கிக்கொண்டிருக்கும். அதையும் தாண்டிக் கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேர வேண்டும், மூன்று மணி நேரம், நடித்துக்கொண்டே. அதற்கான உடலும் மூச்சும் கூடி வரவே 20களின் கடைசி ஆகிவிடும்.

ஜாக்கி பாடுவது ‘கிளாசிக்கல் கிராஸ்ஓவர்’ வகை. மைக் வைத்து, மென்மையான வாத்தியப் பின்னணியில், ஆப்பராவின் புகழ்பெற்ற தனிப்பாடல்களையும் திரைப்பாட்டுகளையும் ஒரே தட்டில் பரிமாறுவது. ஆண்ட்ரியா போசெல்லி, சாரா பிரைட்மேன் வழி. இதில் தாழ்ச்சி ஒன்றும் இல்லை. ஆனால் ‘பத்து வயது ஆப்பராப் பாடகி’ என்று விளம்பரம் செய்தால் ஆப்பராக்காரர்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும். வந்தது.

சின்ன வயதில் இவ்வளவு கனமான பாட்டு பாடினால் குரல் கெடாதா?

அன்று குரல் ஆசிரியர்கள் பலர் எழுப்பிய கவலை இதுதான். பாடும்போது அவருடைய கீழ்த்தாடை நடுங்குவதைச் சுட்டிக்காட்டினார்கள். பெரியவர்களின் குரலைப் பிள்ளை போலச் செய்து பார்க்கிறது, தொண்டையை இறுக்கித்தான் அந்தக் கனத்தை வரவழைக்கிறது என்பது அவர்கள் வாதம். மைக் இருப்பதால் சத்தமாகப் பாட வேண்டிய தேவை இல்லை, அதனால் அவ்வளவு ஆபத்து இல்லை என்பது மறுபக்கம். என்னைக் கேட்டால் இரு தரப்புமே கொஞ்சம் சரி. குரல் கெடவில்லை என்பதை இன்று கேட்டாலே தெரிகிறது. தாடை நடுங்கியதும் உண்மை.

பெண் பிள்ளைகளுக்குக் குரல் உடையாதே, பிறகு என்ன பிரச்சினை?

உடையாது, ஆனால் மாறும். பையன்களுக்குக் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்குகிறது, எல்லோருக்கும் கேட்கிறது. பெண்களுக்கு இறங்குவது சில சுரங்கள்தான் என்பதால் வெளியே தெரிவதில்லை. குரல் நாண்கள் வளர்ந்துகொண்டிருக்கும்போது பின்பக்கம் முழுதாக மூடாமல் காற்று கசியும்; குரலில் புகை படிந்ததுபோல் இருக்கும். நேற்று சுலபமாக வந்த சுரம் இன்று வழுக்கும். எந்த ஊர்ப் பாட்டு வாத்தியாரும் அந்த இரண்டு மூன்று வருடம் பிள்ளையை அடக்கிப் பாட வைப்பார். ஜாக்கி அந்த வருடங்களில் மேடையிலும் ஒலிப்பதிவுக் கூடத்திலும் இருந்தார்.

12 வயதில் ‘சாங்ஸ் ஃப்ரம் தி சில்வர் ஸ்க்ரீன்’, 14 வயதில் ‘அவேக்கனிங்’. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் நடுக்குரல் கனத்திருப்பது தெரியும். மேல்குரலின் மெருகு வேறு மாதிரி ஆகியிருக்கும். கெட்டுப்போகவில்லை, வேறு ஆள் ஆகிக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடம்? சம்பாதித்த பணம்?

பயணங்கள் அதிகமானதும் இணையவழிப் பள்ளியில் படித்தார். குடும்ப வரவு செலவு அவர்கள் விவகாரம். பொதுவாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் சிறுவர் கலைஞர்களின் வருமானத்தில் 15 சதவீதத்தை அவர்கள் பெயரில் பூட்டிவைக்க வேண்டும். வயது வந்த பிறகே எடுக்க முடியும். 1939ல் வந்த சட்டத்திலிருந்து கிளைத்த விதி இது. சாப்ளின் படத்தில் நடித்துப் பெரும்பணம் ஈட்டிய ஒரு சிறுவன், வளர்ந்து பார்த்தபோது அம்மாவும் மாற்றாந்தகப்பனும் ஏறக்குறைய எல்லாவற்றையும் செலவழித்திருந்தார்கள். அவன் பெயரால்தான் சட்டத்தை அழைக்கிறார்கள். ஜாக்கி கூகன். பெயர்ப் பொருத்தம் தற்செயல்.

சினிமாவில் நடித்தாரா?

நடித்தார். ராபர்ட் ரெட்ஃபோர்ட் இயக்கி நடித்த ‘தி கம்பெனி யூ கீப்’ (2012) படத்தில் அவருடைய மகளாக வந்தார். பாடாத வேடம்.

2017ல் அதிபர் டிரம்ப் பதவியேற்பில் பாடினாரே, அது ஏன் அவ்வளவு சர்ச்சை?

பல நட்சத்திரங்கள் அந்த விழாப் பக்கம் வரத் தயங்கிய நேரம். 2016 டிசம்பரில், 16 வயது ஜாக்கி தேசிய கீதம் பாடுவார் என்று அறிவித்தார்கள். அவருக்குத் தேசிய கீதம் புதிதல்ல. 2011 புத்தாண்டு அன்று பிட்ஸ்பர்க்கில் நடந்த பெரிய ஐஸ் ஹாக்கிப் போட்டியிலும் பாடியவர்தான். ஒபாமா முன்னால் பாடியபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது இரண்டு பக்கத்திலிருந்தும் கல் விழுந்தது.

அதில் ஒரு வலி கூடுதலாக இருந்தது. அவருடைய அக்கா ஜூலியட் ஒரு திருநங்கை. பள்ளியில் தனக்குரிய கழிப்பறையைப் பயன்படுத்தும் உரிமைக்காக ஜூலியட்டும் இன்னும் இரு மாணவர்களும் பள்ளி நிர்வாகத்தின் மீது 2016லேயே வழக்குப் போட்டிருந்தார்கள். ‘அக்காவை வைத்துக்கொண்டு அங்கே எப்படிப் பாடுவாய்’ என்பது ஒரு கூட்டத்தின் கேள்வி. அரசியலுக்காகப் பாடவில்லை, நாட்டுக்காகப் பாடுகிறேன் என்பது ஜாக்கியின் பதில். ஜனவரி 20 அன்று பாடினார்.

ஒரு மாதம்தான் ஆனது. திருநர் மாணவர்களுக்கு ஒபாமா அரசு தந்திருந்த பாதுகாப்பு வழிகாட்டுதலைப் புதிய அரசு திரும்பப் பெற்றது. ஜாக்கி ட்விட்டரில் தன் ஏமாற்றத்தை வெளிப்படையாகச் சொன்னார். தன்னையும் அக்காவையும் சந்தித்துப் பேசுமாறு அதிபரையே கேட்டார். அதே பிப்ரவரி கடைசியில் நீதிமன்றம் அக்காவின் பக்கம் இடைக்கால உத்தரவு போட்டது. இந்த இரண்டாவது பாதியைச் சொல்லாமல் முதல் பாதியை மட்டும் சொல்பவர்கள் இன்றும் நிறைய.

அதனால்தான் விற்பனை விழுந்ததா?

அப்படிச் சொல்வது சுலபம், கணக்கு ஒத்துவரவில்லை. பில்போர்டு பட்டியலில் முதலிரண்டு பெரிய வெளியீடுகள் 2ம் இடம், 2012ல் வந்தது 7ம் இடம், 2014ல் வந்தது 17ம் இடம். பதவியேற்புக்கு வெகு முன்பே இறங்குமுகம்தான். பாடப்போகும் செய்தியால் விற்பனை விண்ணைத் தொட்டது என்று டிரம்ப் எழுதியதும் மிகைதான். 2017 மார்ச்சில் வந்த ‘டூ ஹார்ட்ஸ்’ பழைய உயரத்தை எட்டிப்பார்க்கக்கூட இல்லை.

என் கணக்கு வேறு. 2010ல் பத்து லட்சம் பேர் வாங்கியது பாட்டை அல்ல, பத்து வயதை. அந்தப் பிள்ளைக்குப் பதினாறு ஆனபோது, அந்தக் குரலும் உடலும் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டன. ஒரு இளம்பெண், இளம்பெண்ணின் குரலில் பாடுகிறாள். இதில் ஆச்சரியம் எங்கே? பாட்டு உண்மையில் முன்னைவிட நன்றாக இருந்தது என்பதுதான் வேடிக்கை. ‘டூ ஹார்ட்ஸ்’ தொகுப்பிலேயே இந்த இழுபறி தெரியும்: ஒரு பாதி பழைய ரசிகர்களுக்கான கிராஸ்ஓவர், மறுபாதி அவருக்குப் பிடித்த பாப். இரு வீட்டுக்கும் விருந்து வைத்தால் எந்த வீட்டிலும் வயிறு நிறையாது.

உடல்நலம் பற்றி ஏதோ செய்தி வந்ததே?

அவரே 2022ல் வெளிப்படையாகப் பேசியது என்பதால் மட்டும் இங்கே. ஒரு கார் விபத்தில் முதுகெலும்பு முறிந்தது. பரிசோதித்தபோது, முதியவர்களுக்கு வருகிற எலும்புப்புரை 20களின் தொடக்கத்திலேயே வந்திருப்பது தெரிந்தது. காரணம், பல ஆண்டுகளாக இருந்த உணவு ஒறுப்பு நோய். உடம்பு வளர்ந்து எலும்பு பலப்படும் வருடங்களை இவர் பிறர் பார்வையில் நின்று கழித்தவர். சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். இதற்கு மேல் ஊகிப்பது நாகரிகம் இல்லை.

மறுபடி போட்டி மேடைக்குப் போனாரா?

இரண்டு முறை. 2019ல் அதே நிகழ்ச்சியின் ‘சாம்பியன்ஸ்’ பதிப்பில் வந்தார். அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. 2020ல் ‘தி மாஸ்க்டு சிங்கர்’. பாடுபவர் யார் என்று தெரியாமல் முகமூடிக்குள் நின்று பாடும் நிகழ்ச்சி அது. இவருக்குப் பூனை வேடம், பாடியதோ பாப். நடுவர்கள் வாரக்கணக்கில் மூளையைக் கசக்கினார்கள். வயதும் பெயரும் தெரியாமல் அந்தக் குரலைப் பெரிய மேடையில் எடைபோட்டது அதுதான் முதல் முறை என்பதால், எனக்கு ‘சாம்பியன்ஸ்’ஸைவிட இது முக்கியமாகப் படுகிறது.

இடைப்பட்ட காலத்தில் வேறென்ன செய்தார்?

பெரிய அரங்குகளிலிருந்து நியூயார்க்கின் சிறிய கேபரே மேடைகளுக்கு வந்தார். மேசை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டே கேட்கும் இடங்கள். பாடுபவர் பாட்டுக்கு நடுவில் பேச வேண்டும், சிரிக்க வைக்க வேண்டும். பிராட்வே என்ற நியூயார்க் நாடக அரங்குகளின் புது இசை நாடகப் பாட்டுகளைத் தொகுத்து 2019ல் ‘தி டெபியு’ வெளியிட்டார். டெபியு என்றால் அறிமுகம். பத்து வயதிலிருந்து பாடிவரும் ஒருத்தி 19 வயதில் வைத்த தலைப்பு அது.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

2010ன் அந்த முதல் வீடியோவை ஒருமுறை, பார்க்காமல் கேளுங்கள். திரையைத் திருப்பி வைத்துவிட்டு. பிறகு நேராக 2022க்கு வந்துவிடுங்கள்: ‘கேரசல் ஆஃப் டைம்’, முழுக்க பாடகி ஜோனி மிட்செல் எழுதிய பாட்டுகள். குரலை உயர்த்திக் காட்டும் இடமே அதில் அதிகம் இல்லை, பேசுவதுபோல் பாடியிருக்கிறார். நடுவில் உள்ள கிறிஸ்துமஸ் தொகுப்புகளை டிசம்பருக்கு வைத்துக்கொள்ளலாம்.

அந்தத் தலைப்புக்கு ‘கால ராட்டினம்’ என்று பொருள். மிட்செல் 1960களில் எழுதிய ஒரு பாட்டில் வரும் சொற்கள் அவை. ஒரு சிறுவன் வருடா வருடம் வளர்ந்து இருபது வயதைத் தொடுவதைச் சொல்லும் பாட்டு. இந்தத் தொகுப்பு வந்தபோது ஜாக்கிக்கு வயது 22.